எதிர்விளக்கு முகத்தில் அடித்ததும் கண்ணுக்குள் என்ன நடக்கிறது?

இலங்கையின் கிழக்கே பொத்துவிலிலிருந்து அக்கரைப்பற்று, கல்முனை, களுவாஞ்சிக்குடி வழியாக மட்டக்களப்புக்கு வரும் கரையோர வீதியில் இரவில் வாகனம் ஓட்டுகிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. எதிரே வரும் வாகனத்தின் வெள்ளை விளக்கு முகத்தில் அடித்ததும் வீதியே மறைந்துபோகிறது, சில விநாடிகளுக்கு எங்கே போகிறோம் என்றே தெரிவதில்லை என்கிறார்கள். அந்த விளக்கைப் பூட்டியவர்களைக் கேட்டால் அவர்களும் நியாயம் சொல்வார்கள். வீதி விளக்கு இல்லாத இடம் நிறைய இருக்கிறது, நடு வீதியில் மாடு படுத்திருக்கிறது, அம்பாறைப் பக்கம் போனால் யானையும் வரும், வெளிச்சம் இல்லாமல் எப்படி ஓடுவது என்பார்கள்.

இரண்டு தரப்பும் சொல்வது உண்மைதான். ஆனால் கூடுதல் வெளிச்சம் இருந்தால் கூடுதலாகத் தெரியும் என்பதை இரு தரப்புமே கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கின்றன. தனக்குத் தெரிய வேண்டும் என்று ஒருவர் பூட்டும் விளக்கு, எதிரே வருபவருக்கு ஏன் இருட்டாகிறது? அதைப் புரிந்துகொள்ள, கண் எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கண் பார்ப்பது வித்தியாசத்தை

இரவில் கல்லடிப் பாலத்தில் நின்று வாவியைப் பார்த்தால், தூரத்துத் தோணியில் எரியும் சிறு விளக்கு தெளிவாகத் தெரியும். அதே விளக்கை அதே இடத்தில் மத்தியான வெயிலில் கொளுத்தி வைத்தால் யாருக்கும் தெரியாது. விளக்கிலிருந்து வரும் ஒளி குறையவில்லை. சுற்றியிருக்கும் வெளிச்சம் கூடியதால், விளக்குக்கும் பின்னணிக்கும் இடையிலுள்ள வித்தியாசம் ஒன்றுமில்லாத அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஒரு பொருள் பின்னணியை விட எவ்வளவு பிரகாசமாக அல்லது எவ்வளவு மங்கலாக இருக்கிறது என்பதைத்தான் கண் முதலில் கவனிக்கிறது. இந்தக் கட்டுரையில் இனி வருவதெல்லாம் இந்த ஒரு விஷயத்தில் போய் முடியும்.

வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். உச்சி வெயிலில் நிலத்தில் விழுவது சுமார் 1,00,000 லக்ஸ். நன்றாக வெளிச்சமுள்ள ஒரு அலுவலக அறையில் 300 முதல் 500 லக்ஸ். பௌர்ணமி நிலவில் அது 0.3 லக்ஸைக்கூடத் தாண்டாது. வெயிலுக்கும் நிலவுக்கும் இடையே பல இலட்சம் மடங்கு வித்தியாசம் இருக்கிறது. ஆனாலும் இரண்டிலும் நாம் நடக்கிறோம், முகம் பார்க்கிறோம், தோணியைக் கரைக்கு இழுக்கிறோம். ஒரே கண்ணால் இது எப்படி முடிகிறது?

கண்மணி சுருங்கி விரிவதால் என்பதுதான் பலர் சொல்லும் பதில். அது சிறு பகுதிக்கு மட்டுமே சரி. கண்மணியின் குறுக்களவு பிரகாசமான ஒளியில் ஏறக்குறைய 2 மி.மீ., இருட்டில் இளம் வயதினருக்கு 8 மி.மீ. வரை. பரப்பளவாகக் கணக்கிட்டால் 16 மடங்குதான். பல இலட்சம் மடங்கில் 16 மடங்கைக் கழித்தால் மிச்சம் எங்கே சமாளிக்கப்படுகிறது? கண்ணின் பின்சுவரான விழித்திரையில்.

விழித்திரையில் நடப்பது

கண்ணுக்குள் வரும் ஒளி முதலில் முன்னாலுள்ள தெளிந்த படலத்தில் வளைகிறது. ஒளியைக் குவிக்கும் வேலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அந்தப் படலமே செய்துவிடுகிறது. பிறகு கண்மணி, அதற்குப் பின்னால் வில்லை, கடைசியாக விழித்திரை. விழித்திரையில் ஒளியை உணரும் கலங்கள் முக்கியமாக இரண்டு வகை:

1. கூம்புக் கலங்கள். ஒரு கண்ணில் சுமார் 60 இலட்சம். நிறத்தையும் நுணுக்கத்தையும் தருபவை. நேராகப் பார்க்கும்போது ஒளி விழும் நடுப்புள்ளியில் நெருக்கமாக இருக்கின்றன. வேலை செய்ய நல்ல வெளிச்சம் வேண்டும்.

2. கோல் கலங்கள். சுமார் 10 கோடி. நிறம் தெரியாது, நுணுக்கமும் குறைவு. ஆனால் மிக மங்கலான ஒளியிலும் வேலை செய்யும். நடுப்புள்ளியில் இவை கிடையாது, அதைச் சுற்றித்தான் இருக்கின்றன.

மங்கலான ஒரு நட்சத்திரத்தை நேராக உற்றுப் பார்த்தால் மறைந்துபோகும், கொஞ்சம் பக்கத்தில் பார்த்தால் திரும்பத் தெரியும். நேராகப் பார்க்கும்போது அதன் ஒளி கோல் கலங்கள் இல்லாத நடுப்புள்ளியில் விழுகிறது என்பதே காரணம்.

கோல் கலத்துக்குள் ரொடொப்சின் என்ற ஒளி உணர் பொருள் அடுக்கடுக்காக நிரம்பியிருக்கிறது. அது ஒரு புரதமும், அதில் பொருந்தியிருக்கும் ரெட்டினல் என்ற சிறு மூலக்கூறும் சேர்ந்தது. ரெட்டினல் விட்டமின் ஏ இலிருந்து வருவது. இருட்டில் அது வளைந்த வடிவில் இருக்கும். ஒரேயொரு ஒளித்துணிக்கை பட்டால் போதும், வளைவு நிமிர்ந்துவிடும். அந்த நிமிர்வு புரதத்தைத் தட்டியெழுப்ப, அது அடுத்தடுத்து நூற்றுக்கணக்கான மூலக்கூறுகளை எழுப்பி, சமிக்ஞையைப் பெருக்கிவிடுகிறது. இந்த வேதியியலை வெளிக்கொண்டு வந்தவர்களில் முதன்மையானவர் ஜோர்ஜ் வோல்ட். 1967 இல் மருத்துவ நோபல் பரிசை அவர் மேலும் இருவருடன் பகிர்ந்துகொண்டார். அதற்கு முன்பே, 1942 இல் வெளிவந்த ஹெக்ட், ஷ்லேர், பிரென் ஆகியோரின் பரிசோதனை, இருட்டுக்கு நன்கு பழகிய கண்ணின் கோல் கலங்கள் ஐந்து முதல் பதினான்கு ஒளித்துணிக்கைகளை உள்வாங்கினாலே மனிதருக்கு ஒளி தெரிந்துவிடுகிறது என்று கணக்கிட்டது. எவ்வளவு நுட்பமான கருவியை முகத்தில் வைத்துக்கொண்டு நடக்கிறோம் என்பது நினைக்க நினைக்க வியப்பாக இருக்கிறது.

இதில் இன்னொரு விந்தை. ஒளி பட்டால் கலம் விழித்து வேலை தொடங்கும் என்றுதான் நினைப்போம். உண்மை தலைகீழ். இருட்டில்தான் இந்தக் கலங்கள் ஓயாமல் இரசாயனச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கின்றன. ஒளி பட்டதும் அந்த அனுப்புதல் குறைகிறது. அந்தக் குறைவையே மூளை வெளிச்சம் என்று படிக்கிறது. அடிப்படையிலேயே கண் மாற்றத்தைக் கவனிக்கும் உறுப்பு என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

பழகுவதற்கு மூன்று வேகங்கள்

வெளிச்சம் மாறும்போது கண் ஒரே நேரத்தில் மூன்று விதமாகத் தன்னைச் சரிசெய்கிறது. ஒவ்வொன்றுக்கும் வேகம் வேறு.

1. கண்மணி. ஒளி பட்டு ஏறக்குறைய கால் விநாடியில் சுருங்கத் தொடங்கும். ஒரு கண்ணில் மட்டும் ஒளி பட்டாலும் இரண்டும் சேர்ந்தே சுருங்கும். வைத்தியர் ஒரு கண்ணில் டோர்ச் அடித்து மற்றதைப் பார்ப்பது இதற்காகத்தான். சுருங்குவதில் இருக்கும் அவசரம் விரிவதில் இல்லை. விளக்கு கடந்துபோன பிறகும் கண்மணி சில விநாடிகள் சிறிதாகவே இருக்கும்.

2. நரம்பு. விழித்திரையிலுள்ள நரம்புக் கலங்கள், வரும் ஒளியின் சராசரிக்கு ஏற்பத் தங்கள் உணர்திறனைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். இதில் பெரும்பகுதி ஒரு விநாடிக்குள்ளேயே நடந்துவிடுகிறது.

3. வேதியியல். ஒளி பட்டு நிமிர்ந்த ரெட்டினல் பழைய வளைவுக்குத் திரும்பி, மறுபடியும் புரதத்தில் பொருந்த வேண்டும். இது நிமிடக் கணக்கு. கடும் வெயிலிலிருந்து முழு இருட்டுக்குப் போனால் கூம்புகள் தங்களால் முடிந்த உச்சத்துக்கு வர ஏறத்தாழ 10 நிமிடம், கோல்கள் வர 30 முதல் 40 நிமிடம் ஆகும்.

வெயிலில் நின்றுவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் எதுவும் தெரியாமல், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சாமான்கள் தெளிவதை எல்லோரும் அனுபவித்திருப்போம். இரவில் மட்டக்களப்பு வாவியில் தோணி வலிப்பவர் அந்த அரை மணிநேரப் பழக்கத்தின் பலனில்தான் கரையோரக் கண்டல் மரங்களின் நிழலை அடையாளம் காண்கிறார். கையடக்கத் தொலைபேசியின் வெள்ளைத் திரையை அவர் ஒரு நிமிடம் பார்த்தாலே அந்தச் சேமிப்பில் ஒரு பகுதி போய்விடும். இருட்டில் வெளிச்சம் வேண்டியிருந்தால் மங்கலான சிவப்பு விளக்கு நல்லது, ஏனென்றால் சிவப்பைக் கோல் கலங்கள் அநேகமாக உணர்வதில்லை.

சரி, ஹெட்லைட்டுக்கு வருவோம். ஒரு வாகனம் கடந்துபோகும் சில விநாடிகளில் ரொடொப்சின் முழுவதும் தீர்ந்துவிடுவதில்லை. ஆகவே அரை மணிநேரம் காத்திருக்கத் தேவையில்லை, பெரும்பாலும் சில விநாடிகளில் பார்வை மீண்டுவிடும். ஆனால் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஒரு வாகனம் ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீற்றர் போகிறது. மூன்று விநாடி என்றால் 50 மீற்றர். அவ்வளவு தூரத்தையும் சரியாகப் பார்க்காமலே கடக்கிறோம்.

விளக்கு எதிரே நிற்கும்போது

விளக்கு கடந்த பிறகு நடப்பதைத்தான் மேலே பார்த்தோம். விளக்கு இன்னும் எதிரே இருக்கும்போது மறைக்கும் காரணம் வேறு. அதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை.

கண்ணின் படலமும் வில்லையும் முற்றும் தெளிந்த கண்ணாடி போன்றவை அல்ல. உள்ளே வரும் ஒளியில் ஒரு சிறு பகுதி சிதறி, விழித்திரை முழுவதும் மெல்லிய வெண்திரையாகப் படிகிறது. பகலில் அது பொருட்டில்லை. இரவில், கறுத்த வீதியும் கறுத்த சாரம் கட்டிய ஒருவரும் மிகச் சிறிய வித்தியாசத்தில்தான் தெரிகிறார்கள். இரண்டின் மேலும் ஒரே அளவு வெண்திரை விழுந்தால் அந்த வித்தியாசம் அமுங்கிப்போகும். மனிதர் அங்கேயேதான் நிற்பார், ஆனால் கண்ணுக்கு இருக்கமாட்டார்.

வெண்திரையின் அடர்த்தியை ஒளியியலாளர்கள் எளிய விதி ஒன்றால் கணக்கிடுகிறார்கள். கண்ணில் விழும் ஒளி கூடக் கூடத் திரை அதே விகிதத்தில் கூடும். நாம் பார்க்கும் திசைக்கும் விளக்குக்கும் இடையிலான கோணம் பாதியானால் திரை நான்கு மடங்காகும். இந்த விதியிலிருந்து எதிர்பாராத இரண்டு விளைவுகள் வருகின்றன.

முதலாவது, தூரம் பெரிய ஆறுதல் தருவதில்லை. விளக்கு தூரத்தில் இருந்தால் கண்ணில் விழும் ஒளி குறைவு, ஆனால் கோணமும் குறைவு. ஒன்று மற்றதை ஈடுகட்டிவிடுகிறது. விளக்கு நேராக முகத்தை நோக்கியிருந்தால், 100 மீற்றரில் இருந்தாலும் 50 மீற்றரில் இருந்தாலும் வெண்திரை ஏறக்குறைய ஒன்றுதான். வாகனம் கிட்ட வந்த பிறகு டிம் பண்ணலாம் என்று இருப்பது பிழை என்பது இதனால்தான்.

இரண்டாவது, வீதியின் அகலம் மிக முக்கியம். எதிர் வாகனத்துக்கும் நமக்கும் பக்கவாட்டில் 4 மீற்றர் இடைவெளி இருந்தால் ஒரு அளவு திரை. அது 2 மீற்றரானால் நான்கு மடங்கு. வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரையின் அகலமான பிரதான வீதியில் சமாளிக்கக்கூடிய அதே விளக்கு, வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் வயலுக்கு நடுவே போகும் ஒடுங்கிய வீதியில் கண்ணை முழுதாக மறைத்துவிடும். அறுவடைக் காலத்தில் பின்விளக்கு இல்லாத உழவு இயந்திரங்கள் நெல் மூட்டையோடு அந்த வீதிகளில்தான் ஊர்கின்றன.

மாடுகளைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். மாடு, பூனை, நாய், முதலை ஆகியவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் பளபளப்பான படலம் ஒன்று இருக்கிறது. ஒரே ஒளியை இரண்டு முறை பயன்படுத்தும் ஏற்பாடு அது. ஹெட்லைட்டில் அவற்றின் கண்கள் மினுங்குவது அதனால்தான். மனிதருக்கு அந்தப் படலம் இல்லை. அந்த மினுக்கத்தை நம்பி ஓட்டுகிறவர்கள் பலர். ஆனால் சூடு ஆறாத தார் வீதியில் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கும் எருமையிடமிருந்து எந்த மினுக்கமும் வராது.

வெள்ளை விளக்கில் என்ன புதிது?

பழைய ஹெலஜன் மின்குமிழ், சூடேறிய கம்பியிலிருந்து ஒளி தருவது. அதன் நிறவெப்பம், அதாவது ஒளியின் நிறச்சாயலைக் குறிக்கும் அளவு, ஏறக்குறைய 3,200 கெல்வின், பார்வைக்கு மஞ்சள் கலந்தது. எல்.இ.டி. விளக்கு நீல ஒளி தரும் சிறு சில்லின் மேல் மஞ்சள் ஒளி தரும் பூச்சைப் பூசிச் செய்வது. நீலமும் மஞ்சளும் கலந்து வெள்ளையாகத் தெரியும். அந்த நீலச் சில்லைக் கண்டுபிடித்ததற்காக அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014 இல் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது. கடைகளில் 6,000, 6,500 கெல்வின் என்று விற்பனையாகும் குமிழ்களில் நீலப் பங்கு கூடுதல்.

இங்கே கண் கூசுவதையும் பார்வை மறைவதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பல பிழையான தீர்வுகள் பரவுகின்றன.

கூசுவது ஒரு வேதனை உணர்வு. ஒரே அளவு ஒளியானாலும் நீலம் கூடியது அதிகமாகக் கூசும். கோல் கலங்கள் 500 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீலப்பச்சை ஒளியைத்தான் மிக நன்றாக உணர்கின்றன. கூம்புகளுக்கோ அந்த உச்சம் 555 நானோமீட்டர். ஆகவே இருட்டில் நீலம் கலந்த வெள்ளை, அளவுகருவி காட்டுவதைவிடப் பிரகாசமாகத் தோன்றும். இதற்கு மேல், கோலும் அல்லாத கூம்பும் அல்லாத மூன்றாம் வகை ஒளி உணர் கலங்கள் இருப்பது 2002 இல் உறுதியானது. அவை உருவம் பார்ப்பதற்கானவை அல்ல. கண்மணியைச் சுருங்க வைப்பதும், இது பகலா இரவா என்று உடலின் கடிகாரத்துக்குச் சொல்வதும் அவற்றின் வேலை. அவற்றுக்கும் 480 நானோமீட்டர் அளவிலான நீலத்தில்தான் உணர்வு அதிகம்.

பார்வை மறைவதற்குக் காரணம் அந்த வெண்திரை. அது நிறத்தை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை, கண்ணில் விழும் ஒளியின் அளவையும் கோணத்தையுமே பார்க்கிறது. ஆகவே நன்றாகச் செய்து சரியாகப் பூட்டிய எல்.இ.டி. விளக்கு எதிரே வருபவரை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. பிழை பெரும்பாலும் பூட்டும் விதத்தில் இருக்கிறது.

ஹெலஜன் குமிழுக்கென்று செய்த விளக்குக் கூட்டில், அந்தச் சிறு கம்பி இருக்கும் இடத்தை வைத்துத்தான் உட்குழிவின் வளைவு கணக்கிடப்பட்டிருக்கும். டிம் போட்டால் ஒளி ஒரு கோட்டுக்குக் கீழே நிற்பதும், நாம் இடப்பக்கம் ஓடுவதால் இடது ஓரத்துக்குக் கூடுதலாகப் போவதும் அந்தக் கணக்கால்தான். அதே கூட்டில் மலிவான எல்.இ.டி. குமிழை மாட்டினால் ஒளி வேறு இடத்திலிருந்து, வேறு வடிவில் கிளம்புகிறது. கோடு கலைந்து, ஒளி மேலே போய் எதிரே வருபவரின் முகத்தில் விழுகிறது. டிம் போட்டும் டிம் ஆகவில்லை என்று சண்டை வருவது இதனால்தான். இரண்டு தரப்பிலும் பொய் இல்லை.

எல்லாக் கண்ணும் ஒன்றல்ல

வயது கூடினால் வில்லை மஞ்சளாகி மங்கும், சிதறல் கூடும். எழுபது வயதில் வெண்திரை இளம் வயதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கண்மணியும் பழையபடி விரியாது. இருட்டில் அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போவது இருபது வயதுக்காரருக்குப் போகும் ஒளியில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். கண்புரை தொடங்கிவிட்டால் சிதறல் இன்னும் மோசம். பகலில் எழுத்து நன்றாகத் தெரிகிறதே என்று இருப்பவருக்கு, இரவில் எதிர்விளக்கு வட்டம் வட்டமாகப் பரவித் தெரிவதுதான் புரையின் முதல் அறிகுறியாக இருக்கலாம். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு விழித்திரையே பாதிக்கப்படலாம், அவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது கண்ணைக் காட்ட வேண்டும்.

மாலைக்கண் வேறு. விட்டமின் ஏ குறைந்தால் ரொடொப்சின் செய்ய ரெட்டினல் போதாது, பொழுதுபட்டதும் பார்வை போய்விடும். ஈரல், முட்டை, பால், முருங்கை இலை, பப்பாசி, மாம்பழம் என்று நம் வீட்டிலேயே அதற்கான உணவு இருக்கிறது. ஆனால் குறைபாடு இல்லாத ஒருவர் எவ்வளவு கரட் சாப்பிட்டாலும் எதிர்விளக்கில் கூடுதலாகத் தெரியப்போவதில்லை.

இதனால் செய்யக்கூடியவை

1. டிம் பண்ணுவதை எதிர் விளக்கு தெரிந்தவுடனேயே செய்ய வேண்டும்.

2. விளக்கின் சாய்வைச் சரிபார்க்க வேண்டும். ஒரு பாகை மேலே தூக்கினாலே 50 மீற்றரில் ஒளி கிட்டத்தட்ட 90 செ.மீ. உயர்ந்துவிடும். மோட்டார் சைக்கிளின் பின்னால் இருவரை அல்லது ஒரு நெல் மூட்டையை ஏற்றினால் முன்பக்கம் தானாக உயரும். சமதரையில், வழக்கமான பாரத்தோடு, சுவரை நோக்கி நிறுத்திப் பார்த்துக் கராஜில் சரிசெய்யலாம்.

3. கண்ணாடியைத் துடைக்க வேண்டும். கடற்காற்றின் உப்பும் வீதிப் புழுதியும் படிந்த முன்கண்ணாடி, கீறல் விழுந்த ஹெல்மெட் கண்ணாடி எல்லாம் கண்ணுக்கு வெளியே இன்னொரு வெண்திரையை உண்டாக்குகின்றன. செலவே இல்லாத இந்த வேலைதான் பலரும் தவறவிடுவது.

4. எதிர் விளக்கை உற்றுப் பார்க்காமல் வீதியின் இடது ஓரக் கோட்டைப் பார்த்து ஓட்ட வேண்டும். கோணம் கூடும், திரை குறையும்.

5. இரவில் ஓட்டுவதற்கென்று விற்கப்படும் மஞ்சள் கண்ணாடியை வாங்க வேண்டாம். 2019 இல் அமெரிக்காவில் ஓட்டுநர் பயிற்சிக் கருவியில் சோதித்தபோது, பாதசாரியைக் கண்டுபிடிக்க அது உதவவில்லை. கூச்சம் குறைந்ததுபோல் தோன்றலாம், ஆனால் ஏற்கெனவே குறைவாக உள்ள ஒளியில் ஒரு பகுதியை அது தின்றுவிடும்.

6. நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் தங்களுக்கும் பின்னணிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். வெள்ளைச் சட்டை உதவும். அதைவிடப் பல மடங்கு உதவுவது ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் பட்டி. கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்கள் விடியுமுன் இருட்டில் பொத்துவில் வீதியோரமாக வரிசையாகப் போவார்கள். அந்த வரிசையின் முன்னாலும் பின்னாலும் நடப்பவர்கள் கணுக்காலில் அத்தகைய பட்டி ஒன்றைச் சுற்றிக்கொண்டால், மேலும் கீழும் அசையும் அந்த வெளிச்சத்தை வைத்து மனிதர்கள் நடந்து வருகிறார்கள் என்று ஓட்டுநர் தூரத்திலேயே கண்டுகொள்வார்.